மார்க்கா, மணிக்கணக்கா, வழிமுறையா: பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் எதைப் பார்ப்பது?

காலாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் அக்டோபர் முதல் பாதியில் பிள்ளைகள் கைக்கு வந்துவிடும். பொதுத்தேர்வு மார்ச்சில். இடையில் சுமார் 22 வாரம் இருப்பதாகத் தோன்றும். ஆனால் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கென்று சில கழிவுகள் உண்டு: ஐப்பசி, கார்த்திகை மழை, டிசம்பர் 3-ல் முடியும் கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா, கிறிஸ்துமஸ், சுசீந்திரம் மார்கழித் தேரோட்டம், பொங்கல், கடைசியாகத் தேர்வு வாசலிலேயே வந்து நிற்கும் மண்டைக்காடு அம்மன் கோவில் கொடை. இவற்றோடு அரையாண்டுத் தேர்வு நாட்களையும் கழித்தால் உருப்படியாக மிஞ்சுவது 17 அல்லது 18 வாரம்தான்.

இந்த 18 வாரமும் வீட்டுப் பெரியவர்கள் தினமும் எதைக் கேட்கிறார்களோ அதைத்தான் பிள்ளை செய்து காட்டும். "எத்தனை மார்க்கு?" என்று கேட்டால் மார்க்கைக் கொண்டுவரும், அல்லது மறைக்கும். "எவ்வளவு நேரம் படிச்சே?" என்று கேட்டால் புத்தகத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கும். "இன்னைக்கு எது தப்பாச்சு, அதை எப்படிச் சரி பண்ணினே?" என்று கேட்டால்தான் தப்பைத் தேடிப் பிடித்துத் திருத்தும். மூன்று கேள்விகளும் மூன்று வழிகள். எதைத் தினசரிக் கேள்வியாக வைப்பது என்பதுதான் வீட்டில் எடுக்க வேண்டிய முடிவு.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தினமும் கேட்க வேண்டியது மூன்றாவது. உட்காரும் பழக்கமே இல்லாத பிள்ளைக்கு முதல் மூன்று வாரம் மட்டும் இரண்டாவது. மார்க்கைப் பார்ப்பது அரையாண்டு, முதல் திருப்புதல், இரண்டாம் திருப்புதல் ஆகிய மூன்று முறைதான். ஏன் இப்படி என்பதையும், ஒவ்வொரு வழியும் எங்கே உதவும், எங்கே சறுக்கும் என்பதையும் கீழே பார்க்கலாம்.

மார்க்கைப் பார்க்கும் வழி

நம்மூரில் இதற்கு வேர் ஆழம். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழகத்திலேயே முதல் இடம். தனி மாணவர்களுக்கு முதல் இடம், இரண்டாம் இடம் என்று அறிவிப்பதைத் தமிழக அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. ஆனாலும் முடிவு வரும் நாளில் டீக்கடைப் பேச்சு 'மாவட்டம் எத்தனையாவது?' என்றுதான் தொடங்கும். வீட்டில் அது '450 எடுத்தால் போன்' என்று இறங்கிவரும். டியூஷன் சென்டரில் வாராந்தரத் தேர்வின் வரிசைப் பட்டியலாக வாட்ஸ்ஆப் குழுவுக்குப் போகும்.

இந்த வழியில் நன்மையே இல்லை என்று சொல்ல முடியாது. எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரும் ஓர் எண்ணைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். எப்படிப் படிக்க வேண்டும் என்பது ஏற்கெனவே தெரிந்த பிள்ளைக்கு இலக்கு ஒரு தூண்டுதல். பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு கிடைக்கும் என்பதையும் கடைசியில் அந்த எண்தான் தீர்மானிக்கிறது.

குறை என்னவென்றால், நாளைக் காலை என்ன செய்ய வேண்டும் என்பதை மார்க் சொல்லாது. கணக்கு வினாத்தாளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மார்க் வினாக்கள் 14, இரண்டு மார்க் வினாக்கள் பத்து, ஐந்து மார்க் வினாக்கள் பத்து, எட்டு மார்க் வினாக்கள் இரண்டு. ஆக 14, 20, 50, 16 சேர்ந்து 100. இரண்டு பிள்ளைகள் 62 எடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் பிள்ளை இழந்த 38-ல் 16 எட்டு மார்க் பகுதியில் போனது. செய்முறை வடிவியலையும் வரைபடத்தையும் தொடவே இல்லை. 19 ஐந்து மார்க்கில் போனது, மீதி மூன்றுதான் சில்லறை. இரண்டாவது பிள்ளை எல்லாவற்றையும் எழுதியிருக்கிறது. ஒரு மார்க்கில் 5, இரண்டு மார்க்கில் 9, ஐந்து மார்க்கில் 20, எட்டு மார்க்கில் 4 என்று எல்லா இடத்திலும் ஒழுகியிருக்கிறது.

முதல் பிள்ளைக்கு வேண்டியது கவராயமும் வரைபடத் தாளும் நான்கு வாரமும். வடிவொத்த முக்கோணம், உச்சிக்கோணம் கொடுத்த முக்கோணம், வட்டத்தின் தொடுகோடு என மூன்று குடும்ப வரைதல்கள்; வரைபடத்தில் இருபடிச் சமன்பாடு, மாறுபாடு என இரண்டு குடும்பங்கள். நாளொன்றுக்கு ஒன்று, அரை மணி நேரம். இரண்டாவது பிள்ளைக்கு இதைக் கொடுத்தால் வீண். அதற்கு வேறு மருந்து. '62 பத்தாது, 80 வேணும்' என்ற ஒரே வசவு இருவருக்கும் ஒன்றும் செய்யாது.

பரிசு விஷயத்திலும் இதே கதைதான். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ரோலண்ட் ஃபிரையர் பல நகரங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பணம் கொடுத்துப் பார்த்த ஆய்வை 2011-ல் வெளியிட்டார். நியூயார்க்கில் தேர்வு மதிப்பெண்ணுக்கும், சிகாகோவில் கிரேடுக்கும் பணம், பலன் இல்லை. டல்லஸில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, ஒரு புத்தகம் வாசித்து அதைப் பற்றிய சிறு வினாடிவினாவில் தேறினால் 2 டாலர். வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் கூடியது. மார்க்குக்குப் பணம் என்றதும் பிள்ளைகளுக்கு ஆர்வம் வந்தது உண்மை. ஆனால் மார்க்கைக் கூட்ட என்ன செய்வாய் என்று கேட்டபோது, தேர்வு அறையில் வினாவை நன்றாக வாசிப்பேன் என்பது போன்ற பதில்களே வந்தன. படிப்பில் எதை மாற்ற வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. நம் வீட்டில் போன் வாக்குறுதி கொடுத்தால் நடப்பதும் இதுதான்.

இன்னொன்று. விடைத்தாளில் ஆசிரியர் ஓரத்தில் எழுதும் குறிப்பு இருக்கிறதே, 'அலகு எழுதவில்லை', 'உதவிப்படம் எங்கே?' என்பது போல, அதுதான் விடைத்தாளிலேயே விலைமதிப்புள்ள பகுதி. இஸ்ரேலில் 5, 6ஆம் வகுப்புப் பிள்ளைகளிடம் ரூத் பட்லர் 1988-ல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்றவர்கள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள். குறிப்போடு மதிப்பெண்ணும் பெற்றவர்கள் மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்றுவிட்டார்கள். எண் கண்ணில் பட்டதும் குறிப்பு மறைந்துபோகிறது. அதனால்தான் விடைத்தாள் வீட்டுக்கு வந்ததும் மார்க் இருக்கும் மூலையில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவிட்டு உள்ளே பாருங்கள் என்கிறோம்.

ரப்பர் பால் வெட்டும் வீடுகளுக்கு இது எளிதில் விளங்கும். ஆழமாக வெட்டினால் இன்றைக்குச் சிரட்டையில் பால் கூடலாம். கத்தி மரத்தைத் தொட்டுவிட்டால் அந்தப் பட்டை மறுபடி வளரும்போது முண்டும் முடிச்சுமாக வரும். திரும்ப அந்தப் பக்கம் வெட்ட வரும்போது கத்தி ஓடாது. வெட்டுக்காரரின் கைத்திறன் ஒரு நாள் பாலில் தெரியாது, வெட்டிய பட்டையில் தெரியும். பத்தாம் வகுப்பில் மனப்பாடமாகத் தாண்டிய முக்கோணவியல், பதினொன்றில் கணக்குப் பிரிவு எடுத்தவுடன் அந்த முண்டாக எழுந்து நிற்கும்.

மணிக்கணக்கைப் பார்க்கும் வழி

'முடிவு முக்கியமில்லை, உழைப்புதான் முக்கியம்' என்று நினைக்கும் நல்ல மனம் படைத்த பெற்றோர் பெரும்பாலும் வந்து சேர்வது இங்கேதான். காலை நான்கரைக்கு எழுப்புவது, ஆறு மணிக்கு ஒரு டியூஷன், பள்ளி, மாலையில் இன்னொரு டியூஷன், இரவு பத்தரை வரை மேசை. பிள்ளை பாடுபடுகிறது என்று கண்ணால் பார்க்க முடிவது பெற்றோருக்கு ஆறுதல்.

இந்த வழி ஒரே ஒரு இடத்தில் அவசியம். இதுவரை வீட்டில் உட்கார்ந்து படித்தே பழகாத பிள்ளைக்கு முதலில் உடம்பு பழக வேண்டும். ஒரே இடம், ஒரே நேரம், 40 நிமிடம், நடுவில் 10 நிமிட இடைவெளி, மறுபடி 40 நிமிடம். மூன்று வாரம் இதை மட்டும் பாருங்கள். அதற்குப் பிறகும் மணிக்கணக்கையே பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளை மணியை நிரப்பக் கற்றுக்கொள்ளும்.

நிரப்பும் விதங்கள் மூன்று. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உரக்க வாசிப்பது. கலர் பேனாவில் நோட்ஸை அழகாகப் பெயர்த்து எழுதுவது. தெரிந்த கணக்கையே திரும்பத் திரும்பப் போடுவது. மூன்றும் உழைப்புதான், கையும் தொண்டையும் வலிக்கும். ஆனால் நினைவில் தங்காது. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006-ல் இதை அளந்து காட்டினார்கள். கல்லூரி மாணவர்களில் ஒரு குழு ஓர் உரைநடைப் பகுதியை நான்கு தடவை வாசித்தது. இன்னொரு குழு ஒரு தடவை வாசித்துவிட்டு, மூன்று தடவை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் வாசித்த குழு 83 சதவீதம், எழுதிய குழு 71. ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் வாசித்த குழு 40, எழுதிய குழு 61. அன்று இரவே கேட்டால் ஒப்பிக்கும் பிள்ளை அடுத்த வாரத் தேர்வில் முழிப்பது ஏன் என்பதற்கான விடை இந்த நான்கு எண்களில் இருக்கிறது. அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை; படித்தது உண்மை, படித்த முறைதான் தவறு.

தூக்கம் இன்னொரு கணக்கு. இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும். இரவு பத்தரைக்குப் படுத்து நான்கரைக்கு எழுந்தால் ஆறு மணி நேரம்தான். பகலில் படித்ததை மூளை உறுதிப்படுத்துவது தூக்கத்தில். குலசேகரத்திலிருந்தோ அருமனையிலிருந்தோ மார்த்தாண்டத்துக்கு இரண்டு வேளையும் பஸ் ஏறி டியூஷன் போகிற பிள்ளை இழப்பது பஸ் நேரத்தை மட்டும் அல்ல.

உழைப்பைப் பாராட்டும்போதும் ஒரு கவனம் வேண்டும். கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், 'நீ புத்திசாலி' என்று புகழப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், கடினமான புதிரில் தோற்றதும் அடுத்த எளிய புதிரிலும் சறுக்கினார்கள். 'நன்றாக உழைத்தாய்' என்று புகழப்பட்டவர்கள் மேம்பட்டார்கள். தங்கள் மதிப்பெண்ணை மற்றவரிடம் கூட்டிச் சொன்னவர்களும் புத்திசாலி என்று புகழப்பட்ட குழுவில்தான் அதிகம். விடைத்தாளை ஒளித்துவைக்கும் பிள்ளையைத் திட்டுவதற்கு முன் நாம் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

ஆனால் இதைப் படித்துவிட்டு, 22 மார்க் எடுத்து வந்த பிள்ளையிடம் 'பரவாயில்லை, நீ முயற்சி செஞ்சியே' என்று சொன்னால் அது வேறு பொருளில் போய்ச் சேரும். அந்தப் பிள்ளை உண்மையிலேயே முயன்றிருந்தால், 'இவ்வளவு முயன்றும் வரவில்லை என்றால் எனக்கு அறிவில்லை போல' என்றே எடுத்துக்கொள்ளும். வெறும் மனப்போக்குப் பாடத்தால் எவ்வளவு நடக்கும் என்பதற்கும் அளவு இருக்கிறது. அமெரிக்காவில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் நடந்து 2019-ல் வெளியான பெரிய ஆய்வில், அறிவு வளரக்கூடியது என்று கற்பித்த குறும்பயிற்சி பின்தங்கிய மாணவர்களின் கிரேடு சராசரியை 0.1 புள்ளிதான் உயர்த்தியது. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயிற்சிக்கு அது நல்ல பலன். பத்தாம் வகுப்பைக் கடக்க அது போதாது. பாராட்டு ஒரு செயலைச் சுட்ட வேண்டும்: 'சாயுயரத்தையும் உயரத்தையும் இந்தத் தடவை மாத்தாம எழுதிருக்கே' என்பது பாராட்டு.

வழிமுறையைப் பார்க்கும் வழி

இதற்கு வேண்டிய பொருள் 192 பக்க நோட்டு ஒன்று, சிவப்புப் பேனா ஒன்று. கடினம் பொருளில் இல்லை, தினமும் செய்வதில்தான்.

நோட்டின் இரண்டு பக்கத்தையும் சேர்த்து நான்கு கட்டமாகக் கோடு போடுங்கள். முதல் கட்டத்தில் தேதி, பாடம், வினா. இரண்டாவதில் பிள்ளை எழுதிய தப்பான வரி மட்டும், முழு விடை வேண்டாம். மூன்றாவதில் ஏன் தப்பானது. நான்காவதில் மறுபடி சோதிக்கும் நாட்கள்: மறுநாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 21ஆம் நாள். நான்கு முறையும் பார்க்காமல் சரியாக எழுதினால் அந்தப் பிழையின் மேல் ஒரு கோடு. நடுவில் ஒரு முறை தவறினால் மறுபடி முதல் நாளிலிருந்து.

மூன்றாவது கட்டம்தான் இந்த நோட்டின் உயிர். காரணம் ஐந்தில் ஒன்றாகத்தான் இருக்கும். கருத்தே புரியவில்லை; புரிந்தது, ஆனால் மறந்துவிட்டது; வினாவைத் தப்பாக வாசித்தது; நடுவில் ஒரு படியில் தப்பியது; நேரம் போதவில்லை. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. புரியாததற்கு ஆசிரியர் வேண்டும், எத்தனை தடவை எழுதினாலும் அது வராது. மறந்ததற்கு நாள் இடைவெளி விட்டு நினைவிலிருந்து எழுத வேண்டும். வினாவைத் தப்பாக வாசிக்கும் பிள்ளை, கொடுத்திருப்பதையும் கேட்டிருப்பதையும் முதலில் இரண்டு வரியாக எழுதிவிட்டுத் தொடங்க வேண்டும். நேரம் போதாததற்கு மட்டும்தான் கடிகாரம் வைத்த பயிற்சி. டியூஷன்களில் பெரும்பாலும் எல்லாப் பிள்ளைக்கும் கடிகாரம் வைத்த தேர்வு மட்டுமே கொடுக்கிறார்கள். அது ஐந்தில் ஒரு நோய்க்கான மருந்து.

தினசரிப் படிப்பு ஒரு பாடத்துக்கு இப்படி ஓட வேண்டும். 20 நிமிடம் புத்தகத்தைத் திறந்து வாசிப்பு. பிறகு புத்தகத்தை மூடி, வேறொரு தாளில் நினைவுக்கு வந்ததை 10 நிமிடம் எழுதுவது; கணக்கானால் அதே வகையில் எண்கள் மாறிய ஒன்றை மூடிய புத்தகத்தோடு போடுவது. பிறகு திறந்து, விட்டதையும் தப்பியதையும் சிவப்புப் பேனாவில் 5 நிமிடம் நிரப்புவது. பிழைகளிலிருந்து அதிகபட்சம் ஐந்தை நோட்டில் ஏற்றுவது. 35, 40 நிமிடத்தில் ஒரு சுற்று முடியும். பள்ளி நாளில் இரண்டு சுற்று, அதோடு அன்றைய மறுசோதனைக்கு 20 நிமிடம். மொத்தம் இரண்டு மணி நேரத்துக்குள். விடுமுறை நாளில் நான்கு சுற்று.

விடைத்தாள் வந்த அன்று வேலை சற்றுக் கூடுதல். மார்க்கை மூடிவிட்டு, இழந்த ஒவ்வொரு மார்க்கின் பக்கத்திலும் அந்த ஐந்து காரணங்களில் ஒன்றைக் குறித்துக் கூட்டுங்கள். 38 இழந்திருந்தால் அதில் எத்தனை புரியாததால், எத்தனை படியில் தப்பியதால் என்று ஐந்து எண்கள் கிடைக்கும். அந்த ஐந்து எண்கள்தான் அடுத்த மூன்று வாரத்தின் கால அட்டவணை. இந்த வேலைக்கு ஒரு பாடத்துக்கு முக்கால் மணி நேரம் ஆகும்; பிள்ளை தானே செய்ய வேண்டும், பெரியவர் பக்கத்தில் இருந்தால் போதும்.

எங்கே சறுக்கும்

முதல் சறுக்கல், காரணக் கட்டத்தில் எல்லாவற்றுக்கும் 'கவனக்குறைவு' என்று எழுதுவது. பத்தில் எட்டுக்கு இப்படி இருந்தால் நோட்டு வேலை செய்யவில்லை என்று பொருள். கவனக்குறைவு என்பது காரணம் ஆகாது. தள்ளிக் கேளுங்கள், உள்ளே வேறொன்று இருக்கும். 'விட்டம் கொடுத்திருந்தது, ஆரமாக எடுத்தேன்.' 'திட்ட விலக்கத்துக்குக் கடைசியில் வர்க்கமூலம் எடுக்காமல் நிறுத்தினேன்.' 'அடைப்புக்கு வெளியே கழித்தல் குறி, உள்ளே இரண்டாவது உறுப்பின் குறியை மாற்றவில்லை.' 'கதிர்ப்படத்தில் அம்புக்குறி போடவில்லை.' இப்படி ஒரு செயலாக எழுதினால்தான் அதைத் திருத்த முடியும்.

இரண்டாவது, நோட்டு அலங்காரமாவது. தலைப்புக்குப் பூ வரைந்து, மூன்று நிறத்தில் எழுதி, நான்காவது கட்டத்தில் ஒரு தேதியும் டிக் ஆகாமல் இருக்கும். அழுக்கான, டிக்குகள் நிறைந்த நோட்டுதான் நல்ல நோட்டு.

மூன்றாவது, நோட்டுக்கே மார்க் போடுவது. அரசே இதைப் பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறது. 2012-13-ல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தபோது, வகுப்பில் அவ்வப்போது பார்க்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் எழுதும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்தார்கள். எண்ணம் அருமையானது: பிள்ளை கற்கும் விதத்தைக் கற்கும்போதே பார்ப்பது. ஆனால் அந்த 40-ம் மார்க் ஆனவுடன், கடையில் வாங்கிய படத்தை ஒட்டிய சார்ட்டும் அப்பா செய்து கொடுத்த மாதிரிப் பொருளும் வகுப்புக்கு வரத் தொடங்கின. வழிமுறைக்கு மார்க் வைத்தால் அதுவும் ஒரு முடிவாகிவிடும், பிள்ளை அதற்கும் குறுக்குவழி தேடும். வீட்டில் பரிசு கொடுத்தே தீர வேண்டும் என்றால், 21ஆம் நாள் சோதனையைத் தாண்டிக் கோடு விழுந்த பிழைகளுக்கு மட்டும் சிறிதாக ஏதாவது கொடுங்கள். பத்துப் பிழை அழிந்தால் ஞாயிறு சாயந்தரம் முட்டத்துக் கடற்கரை, அவ்வளவு போதும். டல்லஸில் பலன் தந்த பரிசுகூட, வாசித்தாயா என்று சோதித்துப் பார்த்துக் கொடுத்ததுதான்.

நான்காவது, இதுதான் பெற்றோருக்குக் கடினமானது. இந்த வழியில் இறங்கிய முதல் மூன்று, நான்கு வாரம் மார்க் குறையக்கூடும். மூடிய புத்தகத்தோடு படிப்பது மெதுவானது. பத்துப் பக்கம் ஓடிய இடத்தில் நான்கு பக்கம்தான் ஓடும். டியூஷன் வாரத் தேர்வில் 68 எடுத்த பிள்ளை 61 எடுக்கும். உடனே பழைய வழிக்குத் திரும்பும் வீடுகள்தான் அதிகம். அக்டோபர் நடுவில் தொடங்கினால் டிசம்பர் அரையாண்டுக்குள் அந்தத் தாழ்வு சரியாகிவிடும். ஜனவரியில் தொடங்கினால் அந்தத் தாழ்வு திருப்புதல் தேர்வில் வந்து பயமுறுத்தும். ஆகவே ஜனவரிக்கு மேல் முழு முறையையும் புதிதாகத் தொடங்க வேண்டாம். பிழை நோட்டை மட்டும், அதிக மார்க் போகும் ஒரே பாடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வீடு

அப்பா வளைகுடாவில் இருக்கும் வீட்டில், வெள்ளிக்கிழமை வீடியோ கால்தான் கணக்குக் கேட்கும் நேரம். 'மக்களே, எத்தனை மார்க்கு?' என்ற கேள்விக்குப் பத்து நொடியில் பதில் முடிந்துவிடும், மிச்சம் அறிவுரை. அதற்குப் பதில் பிழை நோட்டை கேமரா முன் காட்டச் சொல்லுங்கள். 'எந்தத் தப்பு திரும்ப வந்திருக்கு? அதை எனக்குச் சொல்லிக் குடு.' பிள்ளை அப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்கும் அந்தப் பத்து நிமிடம் நினைவிலிருந்து எடுத்துச் சொல்லும் பயிற்சியாகவே ஆகிவிடுகிறது.

தூத்தூர், சின்னத்துறைப் பக்கம் அப்பா வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கும் வீடுகளில் பொறுப்பு அம்மாவின் தலையில். பாடம் தெரியாத அம்மாவும் இதைப் பார்க்கலாம். மூடிய புத்தகத்தோடு எழுதிய தாள் இருக்கிறதா? அதில் சிவப்பு மை இருக்கிறதா? இன்றைய தேதி போட்ட மறுசோதனைகளுக்கு டிக் இருக்கிறதா? சிவப்பே இல்லாத தாள், பெரும்பாலும் பார்த்து எழுதிய தாள். மார்க்கைத் தவிர வேறு எதையும் எங்களால் பார்க்க முடியாது என்று நினைக்கும் பெற்றோருக்கு இந்த மூன்று கேள்விகள் போதும்.

விடியும் முன்பே பால் வெட்டுக்குப் போகும் வீடுகளில் காலைப் படிப்பைக் கண்காணிக்க ஆள் இல்லை. அங்கே காலையில் புதிய பாடம் வைக்காதீர்கள். மறுசோதனை 20 நிமிடம் மட்டும் காலையில். தாளை மேசையில் விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போகட்டும். புதிய பாடம் சாயங்காலம், பெரியவர் வீட்டில் இருக்கும்போது.

எந்தப் பிள்ளைக்கு எது

தேர்ச்சிக்கான 35-ஐச் சுற்றி நிற்கும் பிள்ளைக்கு முதல் மூன்று வாரம் மணிக்கணக்கு, பிறகு வழிமுறை, ஆனால் குறுகலாக. எல்லாப் பாடத்தையும் எல்லா அலகையும் தொடாதீர்கள். கணக்கில் செய்முறை வடிவியல், வரைபடம், உறவுகளும் சார்புகளும், இரண்டு மார்க் வினாக்கள். இந்தப் பிள்ளைக்கு மார்க்கைக் காட்டுவதில் பயனே இல்லை, 18 என்பது 24 ஆனாலும் தோல்விதான் என்றே அதன் காதில் விழும். 'போன வாரம் பார்க்காமல் எழுதிய இரண்டு மார்க் வினா 6, இந்த வாரம் 11' என்ற எண்ணைக் காட்டுங்கள். அதுவும் ஒரு முடிவுதானே என்று கேட்கலாம். ஆம், ஆனால் அது பிள்ளையின் கைக்குள் இருக்கும் முடிவு.

60 முதல் 80 வரை எடுக்கும் பிள்ளைக்குத்தான் இந்த முறை அதிகம் கொடுக்கும். எங்கே ஒழுகுகிறது என்று தெரியாமல் இரண்டு, மூன்று டியூஷனாக மாறிக்கொண்டிருப்பதும் இவர்களே. முழு முறையும் இவர்களுக்குத்தான்.

90-க்கு மேல் எடுக்கும் பிள்ளைக்கு மார்க் இலக்கால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் தப்பே வராத பயிற்சியைத்தான் அது விரும்பிச் செய்யும். பிழை நோட்டு காலியாக இருந்தால் வினாக்கள் எளிது என்று பொருள். பயிற்சிக் கணக்கிலிருந்து, எடுத்துக்காட்டில் இல்லாத வகையைக் கொடுங்கள். பிற்பாடு நீட் எழுதும் எண்ணமிருந்தால் இப்போதே இந்தப் பழக்கம் வேண்டும். அங்கே சரியானதற்கு 4, தப்பானதற்கு 1 குறையும். தெரிந்தது எது, தெரிந்த மாதிரி தோன்றுவது எது என்று பிரித்தறியாத பிள்ளை அங்கே இரட்டிப்பாக இழக்கும்.

டியூஷன் சேர்க்கும் முன்

மூன்று கேள்வி கேளுங்கள். திருத்திய தாள் எத்தனை நாளில் பிள்ளை கைக்கு வரும்? மூன்று நாளைத் தாண்டினால் எதற்காக அப்படி எழுதினோம் என்பதே பிள்ளைக்கு மறந்திருக்கும். தப்பிய வினாவை மறுபடி எழுத நேரம் ஒதுக்குவீர்களா, இல்லை அடுத்த தேர்வுக்குப் போய்விடுவீர்களா? வரிசைப் பட்டியலைக் குழுவில் போடுவீர்களா? முதல் இரண்டுக்கும் திருப்தியான பதில் கிடைத்தால், மூன்றாவதைப் பற்றிப் பேசி உங்கள் பிள்ளையின் பெயரை விட்டுவிடச் சொல்லலாம். முதல் இரண்டும் இல்லை என்றால் சுவரில் 490 எடுத்த பிள்ளைகளின் படம் எத்தனை ஒட்டியிருந்தாலும் அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

மார்க்கைப் பார்க்கும் மூன்று நாள்

பொதுத்தேர்வு விடைத்தாளைத் திருத்துபவருக்குப் பிழை நோட்டு தெரியாது. அதனால் முடிவை அறவே பார்க்காமல் இருப்பதும் பிள்ளைக்குச் செய்யும் நன்மை அல்ல. அரையாண்டிலும் இரண்டு திருப்புதலிலும் மார்க்கைத் திறந்து பாருங்கள், முந்தையதோடு ஒப்பிடுங்கள். ஒப்பிடும்போது ஐந்து காரணங்களின் எண்களையும் சேர்த்து ஒப்பிடுங்கள். மொத்தம் ஏறாமல், 'புரியவில்லை' குறைந்து 'நேரம் போதவில்லை' கூடியிருந்தால் பிள்ளை சரியான பாதையில்தான் இருக்கிறது; இனிக் கடிகாரத்தைக் கொண்டுவரலாம். மொத்தம் ஏறியும் 'புரியவில்லை' அப்படியே இருந்தால் வினாத்தாள் எளிதாக இருந்திருக்கிறது.

இரண்டாம் திருப்புதலுக்குப் பிறகு புதிய பிழை ஏற்ற வேண்டாம். முழுத் தாளாக, வாசிக்கவும் விவரம் நிரப்பவும் தரும் 15 நிமிடத்தையும் சேர்த்து மூன்றேகால் மணி நேரம் உட்கார்ந்து, வாரம் இரண்டு. மண்டைக்காட்டுக்குக் குடும்பத்தோடு போய்வரட்டும். ஒரு நாளில் ஒன்றும் கெட்டுவிடாது. தேர்வுக்கு முந்தைய நாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, பிழை நோட்டில் இன்னும் கோடு விழாமல் நிற்கும் வரிகளை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு, ஒன்பதரைக்குப் படுக்கட்டும்.